உள்ளே இருப்போர் எண்ணிக்கை

வாருங்கள். கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பூஞ்சேரிக் கூட்டுச் சாலையில், பஞ்சர் ஒட்டும் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. அதற்குள் ஒரு மேசை. மேசைமேல் ஒரு கணினிப் பெட்டி. பொத்தானை அமுக்கினால் அதன் விசிறி சுழல்கிறது, மூன்று முறை நீளமாகக் கூவுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. திரையில் ஓர் எழுத்தும் எழுவதில்லை.

ஓர் இயந்திரம் ஓடவில்லை என்பதைக் காட்டவா எங்களை அழைத்தாய் என்று கேட்பீர்கள். ஆம், அதைக் காட்டத்தான் அழைத்தேன். அது ஓடாமல் நின்றதால் மட்டுமே ஓர் உண்மை நாற்பத்தெட்டு நாள் அழியாமல் இருந்தது. அந்த உண்மையைத் துடைத்தெடுக்கச் சொல்லித்தான் பெட்டியை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பட்டப்பகலில், பன்னிரண்டு மணி வெயிலில், நாலு பேர் நடமாடும் சாலையில் அந்த அநியாயம் நடக்கவிருந்தது. அதற்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

முதலில் இறந்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கிருபாகரன். வயது முப்பத்தாறு. நெம்மேலிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட காலனியில் குடியிருந்தார். அவருடைய முன்னோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள். அவர் அடுத்தவர் கழிவை அள்ளினார். மாமல்லபுரம் போகும் சாலையில் வெண்சங்கு விடுதி என்று ஒரு கடற்கரை விடுதி. நாற்பத்திரண்டு அறைகள். அத்தனை அறைகளின் கழிவும் பின்புற வாழைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் தரையடித் தொட்டிக்கு வந்து சேரும். தொட்டி அடைத்துக்கொண்டால் கிருபாகரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதற்குள் இறங்குவார். மனிதரை இப்படி இறக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. ஆகவே விடுதியின் ஏட்டில் அவருக்குத் 'தோட்டப் பணி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை, மனைவி அன்பரசி கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போனார். மாலையில் அவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். விடுதி முதலாளி எழுத்தில் கொடுத்த விளக்கம் இது: 'அன்றைய தினம் அவர் வேலைக்கு வரவில்லை. குடிபோதையில் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து இறந்திருக்கிறார். உடல் சுவரோரம் கிடந்தது. எங்கள் வருகைப் பதிவுக் கணினியே அதற்குச் சான்று.'

அன்பரசி மறுநாளிலிருந்து விடுதி வாசலில் கணவரின் படத்தோடு உட்கார்ந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எம் புருசன் திருடன் மாரி செவுரு ஏறிக் குதிக்கல. வேலைக்குப் போனாரு. வேலைல செத்தாரு. அத்த எழுதிக் குடுங்க, நான் எழுந்து போறேன்." நாற்பத்தெட்டு நாளாக அந்த ஒரு வரியை எழுத அங்கே ஒரு பேனா இல்லை.

வருகைப் பதிவு என்றேனே, அதையும் கேளுங்கள். விடுதியின் மற்றப் பணியாளர்கள் முன்வாசலில் விரல் ரேகை வைத்து உள்ளே போவார்கள். கிருபாகரனின் விரல்களில் ரேகை இல்லை. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் பதினோரு ஆண்டுகளில் அதைத் தின்றுவிட்டன. ஆகவே வெளி வேலையாட்களுக்கென்று பின்பக்க அலுவலக அறையில் ஒரு கணினி வைத்தார்கள். அதன் கேமரா முகத்தைப் பார்த்துப் பதிவு செய்யும். காலையில் 'உள்ளே', மாலையில் 'வெளியே'. அந்த அறையில் சாமி மாடம் இருந்தது. எனவே கிருபாகரன் அறைக்குள் வரக் கூடாது. கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவர் வெளியே மண்ணில் நின்று, கம்பிகளுக்கு இடையே முகத்தைக் காட்ட வேண்டும். வெயிலிலும் மழையிலும் அப்படித்தான் காட்டினார்.

செங்கல்பட்டில் விசாரணை நடத்திய கோட்டாட்சியர் ஓர் உத்தரவு போட்டார்: சான்று என்று சொன்ன கணினியை வியாழக்கிழமை நேரில் கொண்டுவர வேண்டும், அது ஓடாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். ஆய்வகம் என்ற சொல்லைக் கேட்ட முதலாளி, புதன்கிழமை காலையிலேயே பெட்டியை வண்டியில் ஏற்றினார்.

கொண்டுவந்தவர் தனகோடி. விடுதியின் மேற்பார்வையாளர். வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். ஐம்பதை நெருங்கும் வயது. முகத்தில் ஒரு மாதத் தாடி. சட்டை தோளிலிருந்து தொங்கியது. சமீபத்தில் இளைத்த உடம்பு.

கடைக்காரப் பெண் ஜாய்ஸ். சிறுசேரியில் ஆறு ஆண்டு, ஏதோ ஒரு நாட்டு மனிதர்களின் ஓடாத கணினிகளைத் தொலைபேசி வழியே ஓட வைத்தவள். ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பியதும் இந்தக் கடையைப் போட்டாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியைத் திறப்பது முதல் மூடுவது வரை தன் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்திப் படம் பிடிப்பாள். "நான் குடுக்கும்போது நல்லாதான் இருந்துச்சி" என்று பிறகு சண்டைக்கு வருகிறவர்களுக்காக வைத்த ஏற்பாடு. வேலை ஒப்புக்கொள்ளும் சீட்டில் கையெழுத்தும் வாங்குவாள். தனகோடி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"இன்னாண்ணா, எப்பலேர்ந்து ஓடல?"

"ஒன்ற மாசம் இருக்கும். நீ ரிப்பேரு கிப்பேருன்னு நோண்டிகினு இருக்காத தங்கச்சி. உள்ள கீறது அத்தினியும் தொடச்சிட்டு புச்சா விண்டோஸ் போட்டுக் குடு. மூணு மணிக்கு எடுத்துகினு போவணும்."

"புச்சு போடணும்னாலும் மொதல்ல அது எழுந்து ஒக்காரணும்ல? செத்துக் கெடக்கறது மேல இன்னாத்தண்ணா போடறது?"

தனகோடி வேறு பக்கம் பார்த்தார். கடையில் வாடிக்கையாளருக்கென்று இருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளைச் சங்கு ஒட்டப்பட்டிருந்தது. ஜாய்ஸ் அதைப் பார்த்தாள். அன்பரசி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் தனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர் என்பதையும் நினைத்தாள். திருகாணிகளைக் கழற்றினாள்.

மூடியை எடுத்ததும் வாடை வந்தது. கணினிகளுக்குள் தூசி வாடை வரும், எரிந்த வாடை வரும். கடலோரக் கடைகளின் பெட்டிகளில் உப்பு வாடை வரும். இது மஞ்சளும் கோமியமும் கலந்து, இரும்புக்குள் ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்த வாடை. சாவு வீட்டைக் கழுவிவிட்ட மறுநாள் காலையில் அடிக்குமே, அது. பலகையெங்கும் மஞ்சள் கறை. முனைகளில் பச்சைப் பூஞ்சை போல உப்பு. நினைவக அட்டைக்கும் அதன் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு துளசி இலை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னாண்ணா இது, சாம்பாரு ஊத்திட்டீங்களா?"

"பூச பண்ணாங்க."

"ஆயுத பூசைக்கு ஒரு பொட்டு வெப்பாங்க, எனக்கும் தெரியும். கொடம் கொடமாவா அபிசேகம் பண்ணுவாங்க? கோமியம் நாறுது."

"தீட்டுக் கழிச்சாங்கமா! அய்யரு ரூமு முழுக்கத் தெளிச்சாரு. முதலாளி நின்னுகினு, அதும் மேலயும் ஊத்து, இதும் மேலயும் ஊத்துன்னாரு. அதுல ரெண்டு சொம்பு இதுக்குள்ள பூந்துட்சி. போதுமா?"

"ஆபீஸ் ரூம்ல இன்னா தீட்டு?"

"பொணம் கெடத்துன எட…"

சொல் பாதியில் நின்றது. வெளியே சாலையில் ஒரு லாரி போயிற்று. கைப்பேசித் தாங்கியில் சிவப்புப் புள்ளி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"செவுத்தாண்ட கெடந்துச்சின்னுல்ல பேப்பர்ல போட்டாங்க" என்றாள் ஜாய்ஸ், மிக மெதுவாக.

தனகோடி சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். தொட்டியிலிருந்து தூக்கிய உடலை விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்க, அருகிலிருந்த அலுவலக அறைக்குள் போட்டார்கள். இடம் வேண்டி மேசையை இழுத்தபோது கணினியின் மின்கம்பி பிடுங்கிக்கொண்டது. உயிரோடு இருந்த பதினோரு ஆண்டு அந்த மனிதரை அந்த அறை உள்ளே விடவில்லை. பிணமான பிறகே அதன் வாசற்படியைத் தாண்டினார். தாண்டிய குற்றத்துக்காகத் தரையைக் கழுவினார்கள், சுவரைக் கழுவினார்கள், எந்த இயந்திரத்தின் முன் அவர் முகம் காட்டினாரோ அந்த இயந்திரத்தையும் கழுவினார்கள். தோழர்களே, அந்த இரண்டு சொம்புத் தண்ணீர் விழாதிருந்தால் அன்று மாலையே கணினியைத் திறந்து ஒரு விரல் அசைவில் கிருபாகரனின் காலை வருகையை அழித்திருப்பார்கள். அவர்களுடைய சாதிப் புத்தியே ஈரமாகப் புகுந்து, முனைகளை அரித்து, அவர்கள் கைக்கு எட்டாதபடி கணினியைப் பூட்டிவைத்தது.

ஜாய்ஸ் இலையைச் சாமணத்தால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். நினைவக அட்டையின் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் பலகையைத் துடைத்தாள். வட்டுக்குப் போகும் கம்பியின் முனை பச்சையாகப் பொடிந்திருந்தது, அதை மாற்றினாள். எல்லாம் உலரக் காத்திருந்துவிட்டு மின்கம்பியைச் செருகினாள்.

அவள் கை இன்னும் கம்பியின் மேல்தான் இருந்தது. பொத்தானை அமுக்கவில்லை. விசிறி தானாகச் சுழன்றது.

பொத்தான் முனைகளில் உப்பு மீதமிருந்தால் அப்படி நேரும். ஜாய்சுக்கு அது தெரியும். இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். ஆனால் விசிறி ஒரே வேகத்தில் சுற்றவில்லை. ஏறியது, தாழ்ந்தது, மறுபடி ஏறியது. மேசையின் மரப்பலகை அதோடு சேர்ந்து மெல்ல விம்மியது. தனகோடி நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய் நின்றார்.

இம்முறை மூன்று கூவல் இல்லை. குறுகிய ஒரே கூவல். திரை ஒளிர்ந்தது. ஜாய்ஸ் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அக்டோபர் ஒன்பது. பதினொன்று ஐம்பத்திரண்டு. விநாடி ஏழு.

அவள் காத்திருந்தாள். விநாடி ஏழாகவே இருந்தது.

"பேட்டரி வீக்கா இருந்தா மணி நின்னுபூடும்ணா" என்றாள். அவரிடம் சொன்னதைவிடத் தன்னிடமே அதிகமாகச் சொல்லிக்கொண்டாள்.

"மணி எத்தினி?"

சொன்னாள். தனகோடி வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "மேசைய இழுத்தது அப்பதான்" என்றார்.

விண்டோஸ் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, திரை இருண்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை பழுதைத் தானே சரிசெய்வதாக அறிவித்துவிட்டு நீண்ட நேரம் மௌனமாக இருந்தது. பிரியாணிக் கடையில் யாரோ சிரித்தார்கள். கடலிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நின்றுபோயிருந்தது. பிறகு யாரும் எதையும் தொடாமல், விடுதியின் வருகைப் பதிவு நிரல் திரை முழுக்க விரிந்தது. கணினி திறந்ததும் முதலில் அதுவே வரும்படி அமைத்திருந்தார்கள்.

மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி.

உள்ளே இருப்போர்: 2.

அதன் கீழே இரண்டு படங்கள். முதல் படத்தில் ஜன்னல் கம்பிகள்; கம்பிகளுக்குப் பின்னால் கிருபாகரன். தலை ஈரம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். மார்போடு அணைத்த கையில் சாப்பாட்டு டப்பா. 'அக்டோபர் 9, காலை 9.14, உள்ளே.' வெளியேறிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

இரண்டாவது படத்தில் தனகோடி. தோளில் கயிற்றுச் சுருள். '9.16, உள்ளே.' அவருடைய கட்டமும் காலி. வெளி வேலையாட்களோடு மேற்பார்வையாளரும் அதே கணினியில்தான் பதிய வேண்டும் என்பது விடுதியின் விதி. மேசையை இழுத்த பிறகு அன்று யாரும் வெளியேறியதாகப் பதியவில்லை.

திரையின் மூலையில் ஒரு சிறு சன்னல் திறந்தது. பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருந்த கேமரா விழித்துக்கொண்டது. 'வெளியேறுவோர் முகம் காட்டவும்' என்றது.

கேமரா கடையின் உட்புறத்தைப் பார்த்திருந்தது. ஜாய்ஸ் அதற்குப் பக்கவாட்டில் இருந்தாள். தனகோடி வாசலில். கேமராவுக்கு எதிரே சிவப்பு நாற்காலி மட்டும் இருந்தது, காலியாக. முகம் தேடும் பச்சைச் சதுரம் தோன்றி, சுவரில் இப்படியும் அப்படியும் அலைந்து, அந்த நாற்காலியின் முதுகுக்குச் சற்று மேலே போய் நின்றது. ஒருவர் உட்கார்ந்திருந்தால் தலை எங்கே இருக்குமோ, அந்த இடத்தில்.

பின்னால் சுவரில் ஏசுநாதர் படம் போட்ட காலண்டர் இருந்தது. அதைத்தான் முகமென்று எடுத்துக்கொள்கிறது என்று ஜாய்ஸ் காலண்டரைக் கழற்றினாள். சதுரம் நகரவில்லை. நாற்காலியை ஓரத்துக்கு இழுத்தாள். சதுரம் நாற்காலியோடு நகர்ந்தது. கேமராவின் கண்ணைக் கட்டை விரலால் மூடினாள். சிறு சன்னல் முழுக்க இருண்டது. இருட்டுக்குள் சதுரம் மட்டும் பச்சையாக நின்றது.

பேய் என்று சொல்லிவிடாதீர்கள். பேய் என்பது முதலாளிகளுக்கு வசதியான சொல். இன்னும் இரண்டு சொம்பு தெளித்தால் போய்விடும். அரிப்பெடுத்த இயந்திரம், உறைந்துபோன நிரல், அவ்வளவுதான் என்று நானும் எழுதிவிடலாம். ஆனால் நான் அன்று அந்தக் கைப்பேசி பிடித்த படத்தைப் பார்த்தேன். பார்த்த இரவு விளக்கை அணைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தனகோடியின் சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. 'முதலாளி' என்று வந்தது. எடுத்துக் காதில் வைத்தார். "ஆவுது சார்… ஆவுது சார்… இதோ தொடச்சிடறேன் சார்." வைத்தார். "தங்கச்சி, போட்டுடு. உனக்குப் புண்ணியமாப் பூடும்."

ஜாய்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து விண்டோஸ் ஏற்றிய பென் டிரைவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "முன்னாடி ஓட்டையில சொருவுங்க. ஆப் பண்ணி ஆன் பண்ணா, அழிக்கவான்னு கேக்கும். ஒரு பட்டன். இருவது நிமிசத்துல காலைல வந்த பதிவும் இருக்காது, டப்பாவும் இருக்காது. நான் பண்ண மாட்டேன். ஏண்ணா, நீங்கதான கயிறு புடிச்சீங்க? இதையும் நீங்களே புடிங்க."

"நக்கல் பண்ணாத."

"நக்கலா? எனக்கு கைகாலு நடுங்கிகினு கீதுண்ணா."

தனகோடி நெருங்கினார். செருகும் இடம் பெட்டியின் முன்பக்கம், கேமராவுக்குக் கீழே. குனிந்தால் முகம் கேமராவுக்கு நேராக வரும். குனிந்தார். சன்னலில் அவர் முகம் நிறைந்தது. பச்சைச் சதுரம் மெல்ல வந்து அவர் நெற்றியைத் தொட்டது, ஒரு கணம் நின்றது, சிவப்பாக மாறியது. 'முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்.'

மறுபடி பார்த்தார். பொருந்தவில்லை. தாடியால் இருக்கலாம், இளைத்ததால் இருக்கலாம். ஏழு வாரத்துக்கு முன் கயிற்றோடு உள்ளே போன தனகோடியை இந்த முகத்தில் இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை. சதுரம் அவரை விட்டுவிட்டு அவர் தோளுக்கு மேலாக, அவருக்குப் பின்னால் ஏதோ ஓரிடத்துக்குப் போய்ப் பச்சையானது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பென் டிரைவ் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. "மேல வந்துடறண்ணா, கயித்த விட்டுறாதன்னான்" என்றார் யாரிடமோ. பிறகு விடுவிடுவென்று வெளியே போய், வண்டியையும் எடுக்காமல், மாமல்லபுரம் சாலையில் வெயிலோடு நடந்துபோனார்.

ஜாய்ஸ் அன்பரசியை அழைத்தாள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய அன்பரசி, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திரையின் முன் நின்றார். அழவில்லை. முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கண் டப்பாவில் விழுந்தது.

"எங்க வூட்டு டப்பா. மூடி லூசுன்னு பச்ச ரப்பர் போட்டுகீறேன், பாரு. இத்தக் கூடத் திருப்பிக் குடுக்கல அவனுங்க." பிறகு முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஜாய்சு, ஆப் பண்ணா போயிடுவாரா?"

"மாட்டாருக்கா. எப்ப தொறந்தாலும் இருப்பாரு."

"அப்ப ஆப் பண்ணிடு. வெயில்ல நின்னுகினு கீறாரு."

வியாழக்கிழமை காலை, துணியில் சுற்றி, ஒட்டுநாடா போட்டு, மூன்று பேர் கையெழுத்திட்ட அந்தப் பெட்டி செங்கல்பட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மேசை ஏறியது. இது திருடப்பட்ட பொருள் என்று விடுதி வழக்கறிஞர் கத்தினார். ஜாய்ஸ் தனகோடியின் கையெழுத்துச் சீட்டை நீட்டினாள். கைப்பேசிப் படத்தையும் ஒப்படைத்தாள். கோட்டாட்சியர் எல்லாவற்றையும் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு, கணினியைத் திறக்கச் சொன்னார்.

விசிறி ஏறியது, தாழ்ந்தது. ஒரு கூவல். உள்ளே இருப்போர்: 2.

அறையில் இருந்த முப்பது பேரும் அந்த வரியைப் படித்தார்கள். முதலாளி தன் வழக்கறிஞரின் காதில் ஏதோ சொன்னார். கோட்டாட்சியர் கேட்டார்: "இறந்தவர் ஒருவர். இந்த இன்னொருவர் யார்?"

பின்சுவரோரம் ஓர் அசைவு. தனகோடி. முகத்தைச் சுத்தமாக மழித்திருந்தார். யாரையும் பார்க்காமல் மேசைக்கு நடந்தார். தடுக்க ஒருவர் கை நீட்டினார். அதற்குள் கேமராவின் முன் நின்றுவிட்டார். அதிகாரியிடம் அவர் பேசவில்லை. அந்தக் கண்ணாடிக் கண்ணிடம் பேசினார்.

"நான்தான் எறக்குனேன். முதலாளி போன்ல சொன்னாரு, சாயங்காலம் கல்யாண பார்ட்டி கீது, நாறக் கூடாதுன்னு. அவன் வேணாண்ணா, வாடை ஒரு மாரி கீதுன்னான். சும்மா எறங்குடான்னேன். உள்ளேர்ந்து ரெண்டு தபா கயித்த இழுத்தான். நான் வெளாடறான்னு நெனச்சேன். செவுரு ஏறிக் குதிக்கல. வேலைக்குத்தான் வந்தான்."

பச்சைச் சதுரம் அவர் முகத்தில் நின்றது. பச்சையாகவே நின்றது. 'தனகோடி, வெளியே' என்று எழுந்தது. மேலே இருந்த எண் மாறியது.

உள்ளே இருப்போர்: 1.

கேமரா விழித்தபடி இருந்தது. சதுரம் மீண்டும் கிளம்பி, அறையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, முதல் வரிசையில் முதலாளிக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் போய் நின்றது. முதலாளி எழுந்து வேறு இடத்துக்குப் போனார். அந்த நாற்காலியில் அதன்பிறகு யாரும் உட்காரவில்லை.

வெளியே வந்ததும் அன்பரசி சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு ஒண்ணாச்சி. இன்னும் ஒண்ணு கீது."

அந்த ஒன்று இன்றும் இருக்கிறது. தனகோடி சிறையில் இருக்கிறார். கயிறு பிடித்தவனைப் பிடித்துவிட்டார்கள். தொலைபேசியில் உத்தரவிட்டவர் ஒரு நாளும் காவல் நிலையப் படி ஏறவில்லை. அவர் பேசியதாகச் சொல்லப்பட்ட அந்தத் தொலைபேசி அழைப்பை யாரும் தேடவில்லை. 'மேலாய்வுக்கு' என்று முத்திரை வைத்த கணினி, ஆய்வகத்துக்குப் போகாமல் செங்கல்பட்டில் ஒரு பதிவறையின் அலமாரியில் கிடக்கிறது. உச்சிப்பொழுது நெருங்கும்போது பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு குறுங்கூவல் கேட்பதாக அங்கே காவலுக்கு இருப்பவர் சொல்கிறார். மின்சாரம் இல்லாத பெட்டி கூவாது. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் தனியாக அந்த அறைக்குள் போவதில்லை. வெண்சங்கு விடுதியில் ஆண்டு இறுதிக்கு நாற்பத்திரண்டு அறைகளும் நிரம்பிவிட்டன. வாழைத் தோட்டத்துத் தொட்டியும் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அதில் இறக்க இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல் கம்பி அதே இடத்தில் இருக்கிறது.

சாட்சியாக அழைத்தேன், வந்தீர்கள், பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் போவதற்கு இது கண்காட்சி அல்ல. அடுத்த விசாரணை நாளில் செங்கல்பட்டுக்கு வாருங்கள். அந்த அலமாரியைத் திறக்கும்வரை வாசலை விட்டு நகராதீர்கள். உங்கள் தெருவில் ஒரு மூடி திறந்து, பக்கத்தில் ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தால், ஓடிப்போய் அந்த மூடியை இழுத்துச் சாத்தி அதன்மேல் ஏறி நில்லுங்கள். கடற்காற்று வாங்க எந்த விடுதிக்குப் போனாலும், சாவியை நீட்டுகிறவரிடம் முதலில் கேளுங்கள்: இங்கே எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள்? இரண்டு எண்ணும் சமமென்று காட்டும்வரை அந்தச் சாவியைத் தொடாதீர்கள்.